பேட்டை நாய்களும் பேட்டை மக்களும்

மக்கள் கூடி வாழும் ஊர் எதுவாயினும், அங்கே மக்கள் மட்டும் வாழ்வதில்லை. காக்கையும், எலியும், பூனையும், ஆடும், மாடும், நாயும் அவர்களோடு சேர்ந்தே வாழ்கின்றன. ஊரின் துப்புரவிலும், உடல்நலத்திலும், அச்சத்திலும், அன்பிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. இவற்றுள் தெரு நாயின் நிலை தனிப்பட்டதாகும். அது காட்டு விலங்கும் அன்று. தனி ஒருவருடைய உடைமையும் அன்று. ஒரு சாரார் அதற்குச் சோறிடுகின்றனர். மற்றொரு சாரார் அதனை அகற்றுமாறு நகராட்சிக்கு மனு எழுதுகின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே நின்று விடை கூற வேண்டியவர்கள் பெரும்பாலும் சுகாதாரக் களப்பணியாளரும் பள்ளி ஆசிரியருமே ஆவர். அவர்கள் பொருட்டு, தெரு நாயின் வாழ்க்கையைப் பற்றி விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளவற்றையும், வெறிநாய்க்கடி நோயைத் தடுக்கும் வழிகளையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

டாக்குரியா: ஓர் எடுத்துக்காட்டு

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில் டாக்குரியா என்னும் பேட்டை உள்ளது. சியால்டாவிலிருந்து தெற்கே செல்லும் புறநகர் ரயில் பாதையில், பாலிகஞ்சுக்கும் ஜாதவ்பூருக்கும் இடையே இதன் நிலையம் அமைந்திருக்கிறது. இதனை அடுத்துள்ள பெரிய ஏரி, சதுப்பாகக் கிடந்த நிலத்தில் 1920களில் கல்கத்தா நகர அபிவிருத்தி நிறுவனத்தாரால் வெட்டப்பட்டது. டாக்குரியா ஏரி என்று வழங்கிவந்த அதற்கு 1958இல் ரவீந்திர சரோவரம் எனப் பெயரிட்டனர். ஏரிக்கு மேற்கே, லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருவது நம் வாசகர் பலரும் அறிந்ததே.

பெருநகரின் ஒரு பகுதியாக இருப்பினும், டாக்குரியா போன்ற பேட்டைகளின் அன்றாட வாழ்க்கை ஒரு சிற்றூரின் வாழ்க்கையையே ஒத்தது. வங்காளிகள் இத்தகைய பேட்டையைப் ‘பாடா’ என்பர். அங்கே தேநீர்க் கடைகளும், மீன் அங்காடியும், குறுகிய சந்துகளும், பள்ளிக்கூடங்களும் ஒன்றையொன்று அடுத்து நிற்கும். மீன் அரியும் இடத்தைப் பூனைகளும் காக்கைகளும் சூழ்ந்திருக்கும். வானத்தில் பருந்துகள் வட்டமிடும். தேநீர்க் கடையின் வாயிலில் நாய்கள் படுத்திருக்கும். தென் கொல்கத்தாவின் பரந்த புல்வெளிகளில் இன்றும் நரிகள் வாழ்கின்றன.

இவ்வுயிர்கள் யாவும் ஓரிடத்தில் கூடுவதற்குக் காரணம் யாது? உணவும் உறைவிடமுமே காரணம். மனிதன் உண்டு கழிப்பது எதுவோ, அதனை உண்ணும் உயிர் அங்கே வந்து சேரும். கொல்கத்தாவின் வரலாற்றிலேயே இதற்குச் சிறந்த சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அந்நகரின் கழிவுகளையும் செத்த பிராணிகளையும் உண்டு வாழ்ந்தது, ‘ஹர்கிலா’ எனப்படும் மிகப் பெரிய நாரையாகும். நகரின் துப்புரவுப் பணியாளர் போல அது கருதப்பட்டது. 1896இல் கல்கத்தா நகரசபைக்கு வழங்கப்பட்ட சின்னத்தில் இரண்டு ஹர்கிலா நாரைகள் இடம்பெற்றிருந்தன. பின்னர்ச் சாக்கடை வசதியும் குப்பை அகற்றும் முறையும் மாறின; சதுப்பு நிலங்களும் சுருங்கின. நாரை நகரை விட்டு அகன்றது. இன்று அதனைக் காண விரும்புவோர் அஸ்ஸாமுக்கோ பீகாருக்கோ செல்ல வேண்டும்.

ஓர் உயிர் அகன்றால் அதன் உணவு அப்படியே கிடப்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1990களில் நம் நாட்டுக் கழுகுகள் பெருமளவில் மடிந்தன. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகின் உடலிற் சேர்ந்து அதன் சிறுநீரகங்களைக் கெடுத்ததே இதற்குக் காரணம் எனப் பின்னர்க் கண்டறியப்பட்டது. 2006இல் அம்மருந்து கால்நடைப் பயன்பாட்டிற்குத் தடை செய்யப்பட்டது. கழுகுகள் உண்ணாது விட்ட பிணங்களை நாய்கள் உண்டன. அதனால் பல இடங்களில் நாய்களின் தொகை பெருகியது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ஆகவே, நாய்களை மட்டும் தனியே பிரித்து நோக்குவது போதாது. குப்பையையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

பழமையான நட்பு

நாயும் மனிதனும் கூடி வாழ்வது நேற்று இன்று ஏற்பட்ட வழக்கமன்று. காச்மீரத்தில் பூர்ஸஹோம் என்னுமிடத்தில் நடந்த அகழ்வாராய்ச்சியில், புதிய கற்காலத்து மக்கள் தம் நாய்களையும் புதைகுழிகளில் அடக்கம் செய்திருந்தமை வெளிப்பட்டது. தமிழகத்தில் திருவண்ணாமலை வட்டாரத்தைச் சேர்ந்த எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. மாட்டு மந்தையைக் காக்கும் போரில் மடிந்த வீரனோடு, கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயும் அதிற் சிறப்பிக்கப்பட்டுள்ளது. 7ஆம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குப் பெயரிட்டு, அப்பெயரைக் கல்லிலும் வெட்டினர் நம் முன்னோர்.

இத்தொடர்பு நாயின் உடலிலும் பதிந்திருக்கிறது. ஓநாய் பெரும்பாலும் இறைச்சியையே உண்பது. நாயோ சோற்றையும் ரொட்டியையும் உண்டு செரிக்கவல்லது. மாவுப் பொருளைச் செரிக்க உதவும் ஜீன்கள் ஓநாயைக் காட்டிலும் நாயிடம் மிகுதியாக உள்ளன என்பது 2013இல் வெளியான ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. பயிர்த்தொழில் செய்யும் மனிதனின் மிச்சிலை உண்டு வாழ்வதற்கு ஏற்ப அதன் உடல் மாறியிருக்கிறது எனலாம்.

தெரு நாயின் அன்றாட வாழ்க்கை

வளர்ப்பு நாய்களைப் பற்றி மேனாட்டில் பல ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. ஆயினும் தெருவில் தன்னிச்சையாகத் திரியும் நாயைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நம் நாடே தகுந்த களமாகும். மேற்கு வங்காளத்தின் காட்வா என்னும் சிறு நகரில் சுனில் குமார் பால் பல ஆண்டுகள் இந்நாய்களை ஆராய்ந்தார். பின்னர், நதியா மாவட்டத்தில் மோகன்பூரிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அநிந்திதா பத்ராவும் அவர்தம் மாணவர்களும் இத்துறையில் விரிவான ஆய்வுகளை நடத்தி வருகின்றனர். அவற்றால் தெரியவந்த உண்மைகளுட் சிலவற்றைக் காண்போம்.

முதலாவதாக, தெரு நாய் தன் பொழுதின் பெரும்பகுதியை ஓய்விலேயே கழிக்கிறது. மனிதரோடு அது கொள்ளும் தொடர்புகளில் சினம் கொண்டவை மிகச் சில. குரைப்பும் துரத்தலும் நம் நினைவில் நிற்கின்றன. வாளா படுத்திருக்கும் நாயை நாம் கவனிப்பதில்லை.

இரண்டாவதாக, தாய் நாய் ஈனுவதற்கு மனித நடமாட்டமில்லாத இடத்தைத் தேடுவதில்லை. வீட்டுப் படிக்கட்டின் அடியையும், கடையின் ஓரத்தையும், மக்கள் நடமாடும் வேறு இடங்களையுமே அது நாடுகிறது. வங்காளத்தில் பெரும்பாலும் குளிர்காலத்தில் குட்டிகள் பிறக்கின்றன. சில கூட்டங்களில் தாயின் தாயும், உறவு நாய்களும் குட்டிகளைக் காத்து உதவுகின்றன. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த நமக்கு இது வியப்பளிக்காது.

மூன்றாவதாக, நாயின் நம்பிக்கை உணவால் மட்டும் பெறப்படுவதன்று. முன்பின் அறியாத ஒருவர் சில நாய்களுக்கு மீண்டும் மீண்டும் உணவளித்தும், வேறு சில நாய்களை மீண்டும் மீண்டும் தடவிக் கொடுத்தும் சோதித்தனர். தடவிக் கொடுக்கப்பட்ட நாய்களே அம்மனிதரிடம் மிகுதியான நம்பிக்கை கொண்டன. இம்முடிவு 2017இல் வெளியாயிற்று.

நான்காவது உண்மை வருந்தத்தக்கது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளை ஆராய்ச்சியாளர் தொடர்ந்து கவனித்தனர். அவற்றுள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் வரை உயிர் பிழைத்தவை 19 சதவீதமே. இறப்புகளில் 63 சதவீதத்திற்கு மனிதரே ஏதேனும் ஒரு வகையில் காரணமாக இருந்தனர். வாகனங்களில் அடிபட்டவை சில. அடித்துக் கொல்லப்பட்டவை சில. தாயினின்றும் பிரித்து எடுத்துச் செல்லப்பட்டவை சில. மனிதனை அண்டியே பிழைக்கும் இவ்வுயிர், மனிதனாலேயே மிகுதியாக மடிகிறது.

வெறிநாய்க்கடி நோய்

இதுவரை கூறியவற்றால் நாயினால் தீங்கே இல்லை என்று கருதிவிடலாகாது. தெரு நாயைப் பற்றிய அச்சத்திற்கு உண்மையான காரணம் உண்டு. ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தவர் மிக மிக அரியர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022-23ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆய்வின்படி, நம் நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 91 லட்சம் பேர் விலங்குகளால் கடிபடுகின்றனர். இக்கடிகளில் முக்கால் பங்கிற்கு மேற்பட்டவை நாய்க்கடிகள். இந்நோயால் ஆண்டிற்குச் சுமார் 5,700 பேர் இறக்கின்றனர் என அவ்வாய்வு மதிப்பிட்டது. கடிபட்டவருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தடுப்பூசி ஒன்றேனும் போட்டுக்கொள்ளவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. இந்நோயுள்ளதாக ஐயுறப்படும் விலங்குகளால் கடிபடுவோரில் 40 சதவீதம் பேர் 15 வயதிற்குட்பட்ட சிறுவர் சிறுமியர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இந்நோயை உண்டாக்குவது ஒரு வைரஸ் ஆகும். நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் அது காணப்படும். கடித்த இடத்தில் உடலினுட் புகும் அவ்வைரஸ், நரம்புகளின் வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்கிறது. அதனாற்றான், கடிபட்டதற்கும் நோய் தோன்றுவதற்கும் இடையே பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மாதம் கழிகிறது. சிலருக்கு ஒரு வாரத்திலும், சிலருக்கு ஓராண்டு கழிந்தும் நோய் தோன்றலாம். இந்த இடைக்காலமே நமக்குக் கிடைக்கும் வாய்ப்பாகும். வைரஸ் மூளையை அடையுமுன் உடலில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிவிட்டால் உயிர் தப்பும்.

இத்தத்துவத்தைக் கொண்டே லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்னும் சிறுவனுக்குச் சிகிச்சை செய்தார். சிறுவன் பிழைத்தான். இந்தியாவில் 1900இல் கசௌலியிலும், 1907இல் குன்னூரிலும் பாஸ்டர் நிறுவனங்கள் தோன்றின. கசௌலியில் டேவிட் செம்பிள் ஆட்டு மூளையைக் கொண்டு உருவாக்கிய மருந்தே நெடுங்காலம் நம் நாட்டில் வழங்கிவந்தது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று மக்கள் அஞ்சியது அதனைத்தான். அம்மருந்தின் உற்பத்தி 2004ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டது. இப்பொழுது வழங்கும் தடுப்பூசி உயிரணு வளர்ப்பில் உருவாக்கப்படுவது. அதனைக் கைப்புறத்தில், நான்கு அல்லது ஐந்து தவணைகளிற் போடுகின்றனர். பழைய ஊசியின் அச்சத்தால் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவோர் இன்றும் கிராமங்களில் உள்ளனர். அவர்களுக்கு இம்மாற்றத்தை எடுத்துரைப்பது களப்பணியாளரின் கடமை.

கடிபட்டவுடன் செய்ய வேண்டுவன

கடிபட்ட இடத்தைச் சோப்பினாலும் ஓடும் நீரினாலும் 15 நிமிடம் நன்கு கழுவ வேண்டும். இவ்வைரஸின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதனைக் கரைத்துச் சிதைத்துவிடும். எளிதாகத் தோன்றும் இச்செயல் உயிர்காக்கும் தன்மையுடையது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எண்ணெய், பச்சிலை முதலியவற்றைக் காயத்தில் அப்பலாகாது. அதன் பின்னர், தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆழ்ந்த காயத்திற்கு இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் காயத்தினுள் செலுத்துவர். மருத்துவர் குறித்த தவணைகளுள் ஒன்றையும் தவறவிடலாகாது.

கடித்த நாயைப் 10 நாட்கள் கவனித்து வருவதும் வழக்கம். கடிக்கும்பொழுதே அதன் உமிழ்நீரில் வைரஸ் இருந்திருப்பின், பெரும்பாலும் அந்நாட்களுக்குள் அது நோயுற்று இறந்துவிடும். ஆயினும், நாயின் முடிவைப் பார்த்துக்கொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. நாய் நலமாயிருப்பின் எஞ்சிய ஊசிகள் தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

கடித்தது எந்த நாய் என்று தெரிந்தால்தான் அதனைக் கவனித்தல் இயலும் என்பதை இங்கே நோக்குக. பேட்டையார் அறிந்த நாயாயின், அதன் காதில் அடையாளம் உண்டா, தடுப்பூசி போடப்பட்டதா, இன்று எங்கே படுத்திருக்கிறது என்று ஒருவரேனும் கூறிவிடுவர். யாரும் அறியாத நாயாயின் ஒன்றும் தெரியாது. தன் நாய்களை அறிந்திருக்கும் பேட்டை, அறியாத பேட்டையைக் காட்டிலும் பாதுகாப்பானது என்பதே நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து.

நோயை ஒழிக்கும் வழி

நாய்களைக் கொன்றுவிட்டால் நோய் ஒழியும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. சென்னை மாநகராட்சி நூறாண்டிற்கும் மேலாக அம்முறையைக் கையாண்டது. எனினும் நாயும் ஒழியவில்லை, நோயும் ஒழியவில்லை. 1996இல் அது கருத்தடை முறைக்கு மாறியது. கொல்லும் முறை பயன் தராமைக்குக் காரணம் உண்டு. குப்பையும் உறைவிடமும் இருக்கும் வரை, அகற்றப்பட்ட நாயின் இடத்திற்கு வேறு நாய் வந்து சேரும். புதிய குட்டிகளும் பிறக்கும். புதிதாக வருபவை தடுப்பூசி பெறாதவை. தடுப்பூசி பெற்ற நாயை அகற்றுவது, நோய்க்கு எதிரே நின்ற வேலியை நாமே பிடுங்கி எறிவதற்கு ஒப்பாகும்.

ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 சதவீதத்திற்குத் தடுப்பூசி போட்டு, அந்நிலையை ஆண்டுதோறும் காத்துவந்தால், நோய் ஒரு நாயிலிருந்து மற்றொன்றிற்குப் பரவும் சங்கிலி அறுபடும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஜெய்ப்பூர் நகரில் 1994 முதல் 2002 வரை 24,986 தெரு நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்யப்பட்டன. திட்டம் நடந்த பகுதியில் நாய்த்தொகை 28 சதவீதம் குறைந்தது. மனிதருக்கு நோய் காணுதல் அறவே நின்றது. நகரின் மற்றப் பகுதிகளிலோ நோய் கண்டோரின் எண்ணிக்கை உயர்ந்தது.

நம் நாட்டில் இதற்கான விதிகள் முதலில் 2001இல் வகுக்கப்பட்டன. அவற்றிற்குப் பதிலாக 2023இல் புதிய விதிகள் வந்தன. இவற்றின்படி, நாயைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காதில் அடையாள வெட்டு இட்டு, பிடித்த இடத்திலேயே விடுதல் வேண்டும். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இம்முறையை ஏற்றது. வெறிநோயுற்றவை, நோயுற்றதாக ஐயுறப்படுபவை, மூர்க்கமானவை ஆகியவற்றை மட்டும் திரும்ப விடலாகாது என்றது. உணவளிப்பதற்கும் தனி இடங்கள் குறிக்கப்பட வேண்டுமெனப் பணித்தது. அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறப்பித்த ஆணையில், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு அரங்குகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றின் வளாகங்களிலிருந்து தெரு நாய்களை அகற்றிக் காப்பகங்களிற் சேர்க்குமாறும், அவ்விடங்களில் மீண்டும் விடலாகாது என்றும் கூறியது. ஆகவே, பள்ளி வளாகத்திற்குள் ஒரு நெறியும், பள்ளிக்கு வெளியே தெருவில் மற்றொரு நெறியும் பொருந்துகின்றன. இவற்றின்மேல் வரும் ஆணைகளைத் தத்தம் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிந்து நடத்தல் நலம்.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் முதற்கண் சிறுவர்களுக்கு நாயின் குறிப்புகளை அறியக் கற்பிக்கலாம். உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டிகளோடு இருக்கும் தாயையும் நெருங்கலாகாது. நாய் துரத்தி வந்தால் ஓடாமல், கைகளை உடலோடு சேர்த்து, அதன் கண்களை உற்று நோக்காது அசையாமல் நிற்க வேண்டும். ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பு. கீழே விழுந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் கைகளால் மறைத்துச் சுருண்டு கிடக்க வேண்டும். நாய் கீறினாலும் கடித்தாலும், வீட்டில் அடிப்பார்களோ என்று அஞ்சி மறைக்காமல் உடனே பெரியோரிடம் கூற வேண்டும். இக்கடைசிப் பாடமே மிக இன்றியமையாதது. சிறு கீறல்தானே என்று மறைக்கப்பட்டதனால் இழந்த உயிர்கள் பல.

இரண்டாவதாக, இயற்கைப் பாட வகுப்பில், மாணவர் தத்தம் தெருவிலுள்ள நாய்களை எட்ட நின்றே எண்ணி ஒரு பட்டியல் தயாரிக்கலாம். நிறம், ஆணா பெண்ணா என்பது, காதில் வெட்டு உண்டா இல்லையா, வழக்கமாகப் படுக்கும் இடம் ஆகிய நான்கு செய்திகள் போதும். கணக்கெடுப்பு என்னும் விஞ்ஞான முறையை மாணவர் கற்பர். தடுப்பூசி போட வரும் குழுவினருக்கும் அப்பட்டியல் பெரிதும் பயன்படும். 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பு நாடு முழுவதிலும் 1 கோடியே 53 லட்சம் தெரு நாய்கள் உள்ளனவெனக் கூறியது. அப்பெருந்தொகையைக் காட்டிலும், தங்கள் தெருவில் காதில் வெட்டில்லாத நாய்கள் எத்தனை என்ற செய்தியே பேட்டையாருக்குச் செயலுக்கு வழிகாட்டும்.

மூன்றாவதாக, களப்பணியாளர்கள் மீன் அங்காடி, இறைச்சிக் கடை, உணவு விடுதி ஆகியவற்றின் கழிவுகள் மூடிய தொட்டியிற் சேர்க்கப்பட்டு நாள்தோறும் அகற்றப்படுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். நாய்களுக்கு உணவளிப்போரைப் பகைத்துக்கொள்ளாமல் துணையாகக் கொள்வதும் அறிவுடைமை. நாய்கள் அஞ்சாமல் அணுகுவது அவர்களையே. ஆதலின் தடுப்பூசி போடும் நாளில் அவர்களுடைய உதவியால் வேலை எளிதில் முடியும். சோறிடுவோர் ஊசிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அவர்களுக்கு அன்போடு உணர்த்தலாம்.

பாஸ்டர் மறைந்த நாளாகிய செப்டம்பர் 28, உலக வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2030ஆம் ஆண்டிற்குள் நாய்களால் பரவும் இந்நோயை ஒழிப்பதென்னும் தேசியத் திட்டமும் 2021இல் அந்நாளிலேயே வெளியிடப்பட்டது. பள்ளிகளில் மாணவர் தயாரித்த பட்டியலை நகராட்சியின் கால்நடை மருத்துவரிடம் அளிப்பதற்கு அந்நாளைவிடத் தகுந்த நாள் வேறில்லை.